துடுப்பு பிடித்த கங்கை

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இரண்டு காசிச் செம்புகள் இருந்தன. 2008இல் அம்மாவும் அப்பாவும் ஊர்க்காரர்களோடு ரயிலேறிக் காசிக்குப் போய் வந்தபோது வாங்கியவை. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னச் செம்புகள். வாயை ஈயம் வைத்து அடைத்திருப்பார்கள். எடுத்துக் குலுக்கினால் உள்ளே ‘களக்’ என்று ஒரு சத்தம் வரும். என் மகன் தவழ்கிற வயதில் அந்தச் சத்தத்துக்காகவே அலமாரிக்குப் போவான். அம்மா பதறிக்கொண்டு ஓடி வந்து வாங்கி வைப்பார். “கங்கைய விளையாடக் கூடாது சாமி” என்பார். கங்கைத் தண்ணீரை என்று சொன்னதில்லை. கங்கையை என்றுதான் சொல்வார்.

ரோம் நகரத்தின் பியாட்சா நவோனாவைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் இந்தச் செம்பில்தான் வந்து நிற்கிறேன். அங்கே நான் இருந்தது மொத்தம் மூன்று நாள். மிலானில் மூன்று வார அலுவலக வேலை முடிந்து, ஊர் திரும்புவதற்கு முன் கிடைத்த இடைவெளி. கொலோசியம், வாடிகன் எல்லாம் பார்த்தேன். அவை மனதில் அழகாகப் படிந்துவிட்டன, தொந்தரவு இல்லை. இந்தச் சதுக்கம் மட்டும் அப்படிப் படியவில்லை. அங்கே கங்கைக்கு ஒரு சிலை இருக்கிறது, அந்தச் சிலை ஓர் ஆண்.

சதுக்கம் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அது சதுரமே இல்லை. ஒரு முனை வளைந்த, நீண்ட ஒடுங்கிய திடல். கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் டொமீஷியன் என்ற பேரரசர் ஓட்டப் பந்தயங்களுக்காகக் கட்டிய விளையாட்டரங்கம் அங்கே இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் உட்காரலாம். அரங்கம் இடிந்த பிறகு, ஜனங்கள் அந்தப் படிக்கட்டுகளின் அடித்தளத்தின் மேலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். அதனால் பார்வையாளர் உட்கார்ந்த இடமெல்லாம் இன்றைக்கு வீடும் ஹோட்டலும் ஆகிவிட்டன, ஓடுகளம் மட்டும் வெட்டவெளியாகவே நிற்கிறது. ஒரு குறுகிய சந்தில் நடந்து வருகிறோம், சுவர்கள் சட்டென்று விலகுகின்றன, வானம் திறந்துகொள்கிறது. நான் போனது அக்டோபர் மாதத்துப் பிற்பகல். கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் முதலில் வந்தது, தண்ணீர்ச் சத்தம்.

மூன்று நீரூற்றுகள். தெற்கே மூர் ஊற்று, வடக்கே நெப்டியூன் ஊற்று, நடுவில் நான்கு நதிகள். தெற்கிலும் வடக்கிலும் உள்ள தொட்டிகள் 1570களில் ஜாக்கொமோ டெல்லா போர்ட்டா அமைத்தவை. நெப்டியூனும் அவரைச் சுற்றியுள்ள சிலைகளும் வந்து சேர்ந்ததே 1870களில்தான், அதுவரை வெறும் தொட்டி. இரண்டும் பார்க்க அழகுதான். ஆனால் கால் தானாக நடுவுக்குத்தான் போகும். 1651இல் ஜான் லொரென்சோ பெர்னினி என்ற சிற்பி முடித்த ஊற்று அது. குடைந்த பாறை ஒன்று, அதன் மேல் எகிப்தியக் கல்தூண், பாறையின் நான்கு மூலையிலும் நான்கு பிரம்மாண்டமான மனிதர்கள். ஐரோப்பாவுக்கு டான்யூப், ஆப்பிரிக்காவுக்கு நைல், அமெரிக்காவுக்கு ரியோ தெ லா பிளாட்டா, ஆசியாவுக்கு கங்கை. அந்தக் காலத்தில் அவர்கள் கணக்கிலிருந்த கண்டங்கள் நான்குதான்.

கங்கை இருக்கிறது என்று தெரிந்துதான் போனேன். ஆணாக இருக்கும் என்பதுகூடப் படத்தில் பார்த்திருந்தேன். ஆனாலும் நேரில் போய் நின்றபோது அவளைத்தான் தேடினேன். மற்ற மூன்று பேரையும் பார்த்து முடித்த பிறகே அவரிடம் வந்தேன். நீண்ட தாடி, முறுக்கேறிய கால்கள், கையில் ஆள் உயரத்துக்கு மேல் நீளமான ஒரு துடுப்பு. சாய்ந்து உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊரில் இரவு ஏழரை மணி இருக்கும், அம்மா விளக்கு வைத்து முடித்திருப்பார் என்று கணக்குப் போட்டு, வாட்ஸப்பில் வீடியோ கால் போட்டேன்.

“ஏங்கண்ணு, யாரு அது? சாமியாரா?” என்றார்.

“கங்கைம்மா.”

“எது, பின்னாடி இருக்கறதா?”

“இல்லம்மா. இவருதான் கங்கை.”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். “கங்கை பொம்பளயாச்சே கண்ணு. தாடியெல்லாம் வெச்சு ஆம்பளையாட்டப் பண்ணி வெச்சிருக்கறாங்க?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்த ஒருத்தியின் வீட்டு விலாசத்துக்குப் போய், கதவைத் திறந்தது வேறு யாரோ என்றால் ஒரு குரல் வருமே, அந்தக் குரல். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தாடி வைத்த நதிகள்

அன்று சாயந்திரம் முழுக்க இதே யோசனைதான். விளக்கம் கிடைக்காமல் இல்லை. லத்தீனில் நதிகளின் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால். கிரேக்கர் காலத்திலிருந்தே நதி என்றால் தாடி வைத்த, சாய்ந்து படுத்திருக்கும் ஒரு பெரியவர். மறுநாள் கேப்பிடோல் குன்றுக்குப் போனபோது அங்கே நகரசபை மாளிகையின் படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் நைலும் டைபரும் அப்படித்தான் சாய்ந்து கிடந்தார்கள், பழைய ரோமானியச் சிலைகள். ஆக பெர்னினி தன் ஊர் வழக்கத்தில், தன் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி, ‘இது நதி’ என்று எழுதியிருக்கிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம்மிடமும் எல்லா நதியும் பெண் கிடையாது. பிரம்மபுத்திராவை ஆணாகத்தானே சொல்கிறோம்?

இப்படி எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் ரோமுக்குத் தெரிந்துகொள்ள வழி இருந்தது. அந்த ஊற்று திறக்கப்பட்ட 1651இல், மதுரையில் பல காலம் வாழ்ந்து தமிழும் சமஸ்கிருதமும் கற்றுத் தத்துவ போதகர் என்று பெயரெடுத்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி உயிரோடு இருந்தார். அவர் 1606இலேயே மதுரைக்கு வந்துவிட்டவர். இயேசு சபைக்காரர்களின் கடிதங்கள் வருடந்தோறும் கோவாவிலிருந்து கப்பலேறிக்கொண்டிருந்தன. அந்தத் தூணின் எகிப்திய எழுத்துகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதிய அத்தனாசியஸ் கிர்ஷர் இயேசு சபைத் துறவிதான், ரோமிலேயே இருந்தவர். கங்கை யார் என்று கேட்க நினைத்திருந்தால், கேட்க ஆள் இருந்தது. கேட்கத் தோன்றவில்லை. என்னை உறுத்தியது தாடி இல்லை, இதுதான்.

நைல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருக்கிறது. அதன் பிறப்பிடம் எது என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாது, அதைச் சொல்வதற்காக அந்தத் துணி. முதலில் பார்த்தபோது அதை மிகவும் ரசித்தேன். தெரியாததைத் தெரியாது என்று கல்லில் ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்! ஆனால் கங்கையின் முகத்தில் துணி இல்லை. அவளைப் பற்றித் தெரிந்தது போதும் என்று நினைத்துவிட்டார்கள். படகு போகும் பெரிய ஆறு, அதற்கு அடையாளமாக ஒரு துடுப்பு. அவ்வளவுதான்.

தூணின் உச்சியில் ஓர் உலோகப் புறா அலகில் ஆலிவ் கிளையோடு நிற்கிறது. ஊற்றைக் கட்டச் சொன்ன போப்பாண்டவர் பத்தாம் இன்னசென்ட்டின் குடும்பச் சின்னம் அது. அவருடைய பம்ஃபிலி குடும்ப மாளிகை அதே திடலில்தான் இருக்கிறது, இப்போது பிரேசில் தூதரகம். அவர் வீட்டு ஜன்னலுக்கு நேரே, அவர் வீட்டுப் புறாவின் காலடியில், நான்கு கண்டங்களின் நதிகள். அம்மாவின் அலமாரியில் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறவள் இங்கே இந்தப் புறாவுக்குக் கீழே எதற்கு உட்கார வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதமே வந்துவிட்டது.

மாமல்லபுரமும் நினைவுக்கு வந்தது. அங்கே பல்லவர் காலத்துச் சிற்பிகள் இதே கங்கையை ஏழாம் நூற்றாண்டில் செதுக்கியிருக்கிறார்கள், அது அர்ஜுனன் தபசு என்பவர்களும் உண்டு. நடுவில் பாறை இயற்கையாகவே பிளந்திருக்கிறது. அந்தப் பிளவில் நாகர்கள் மேலே ஏறி வருகிறார்கள். பாறைக்கு மேலே தொட்டி இருந்த தடம் உண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டால் பிளவு வழியாக இறங்கி ஓடியிருக்கும். யானை, குரங்கு, மான், முனிவர், தேவர் என்று அத்தனை பேரையும் செதுக்கியவர்கள், நதி வருகிற இடத்தை மட்டும் பிளவாகவே விட்டுவிட்டார்கள். பள்ளிச் சுற்றுலாவில் போனபோது, ‘கங்கை எங்க டீச்சர்?’ என்று கேட்டு, ‘அந்தச் சந்துதான்’ என்று பதில் வாங்கியது ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ரொட்டி

இரவு சாப்பாட்டுக்கு இடம் தேடித் திடலின் தென்மேற்குப் பக்கம் போனால் ஒரு சின்ன முக்கில் பஸ்குவினோ நிற்கிறது. கையில்லை, முகம் தேய்ந்து மழுங்கிவிட்டது. பழைய கிரேக்கச் சிற்பம் ஒன்றின் ரோமானியப் பிரதியில் மிஞ்சிய துண்டு. 1501இல் ஒரு கார்டினல் அங்கே நிறுத்தி வைத்தார். அன்றிலிருந்து ரோம் ஜனங்கள் வெளியே சொல்லப் பயப்படுகிறதையெல்லாம் பாட்டாக எழுதி இரவோடு இரவாக அதில் ஒட்டிவிட்டுப் போனார்கள். போப்பை, கார்டினலை, வரியை, யாரையும் விட்டதில்லை. இன்றைக்கும் காகிதங்கள் ஒட்டியிருந்தன. மழையில் நனைந்து மை ஊறிய ஒரு தாளை ஒரு வயதான அம்மா கண்ணைச் சுருக்கி, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

நான்கு நதிகள் ஊற்று எழுந்த வருடங்களில் ரோமில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம். அந்த நேரத்தில் ரொட்டி உட்பட அன்றாடப் பொருள்கள் மீது வரி போட்டுத்தான் இந்த வேலைக்குப் பணம் திரட்டினார்கள். துண்டு துண்டாக உடைந்து கிடந்த அந்தத் தூணை ஆப்பியன் சாலைப் பக்கம் பேரரசர் மாக்சென்ஷியஸின் பழைய குதிரைப் பந்தயத் திடலிலிருந்து இழுத்து வந்தபோது, ஜனங்கள் எழுதி வைத்த வரிகளை ரோம்வாசிகள் இன்றும் சொல்கிறார்கள்: எங்களுக்குத் தூணும் வேண்டாம், ஊற்றும் வேண்டாம், ரொட்டிதான் வேண்டும், ரொட்டி, ரொட்டி, ரொட்டி.

அதைத் தெரிந்துகொண்ட பிறகு, சாப்பாட்டு மேசையில் கூடையில் கொண்டுவந்து வைத்த ரொட்டியைத் தொடவே கொஞ்ச நேரம் ஆனது. பெர்னினியைப் பற்றி ஒரு கதை எல்லோரும் சொல்வார்கள். ஊற்றைப் பார்க்க வந்த போப், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டாராம். இன்னும் நாளாகும் என்றாராம் பெர்னினி. ஏமாற்றத்தோடு அவர் திரும்பிப் போகையில் பின்னால் தண்ணீர் பொங்கி விழும் சத்தம். என் ஆயுளில் பத்து வருடம் கூட்டிவிட்டாய் என்று போப் நெகிழ்ந்து போனாராம். நல்ல கதைதான். ஆனால் ரொட்டிக்கு வரி கட்டியவர்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது என்று அந்தக் கதையில் வருவதில்லை. ஊற்றின் அழகை மறுக்க முடியவில்லை, இதை மறக்கவும் முடியவில்லை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

விடிகாலை

மறுநாள் ஆறரை மணிக்கே கிளம்பிவிட்டேன். கூட்டம் வருவதற்கு முன்னால் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. சந்திலிருந்து திடலுக்குள் கால் வைத்ததும் ஏதோ குறைகிறது என்று பட்டது. சத்தம் இல்லை. நடு ஊற்றில் தண்ணீரை நிறுத்தி, தொட்டியை வடித்துவிட்டிருந்தார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு பேர் உள்ளே இறங்கி நீண்ட பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியின் அடியில் நாணயங்கள், ஒரு குழந்தையின் செருப்பு, நிறையப் பச்சை.

தண்ணீர் இல்லாதபோதுதான் அந்தப் பாறை எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. டிராவெர்டைன் கல்லை நாலா பக்கமும் குடைந்து, உள்ளே வெற்றிடமாக விட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது. அவ்வளவு பெரிய கருங்கல் தூண் ஒரு பொந்தின் மேல் நிற்கிறது. அந்தக் காலத்தில் ஜனங்கள் விழுந்துவிடும் என்று பயந்ததில் ஆச்சரியமில்லை. கங்கையின் கால் பக்கம் கல்லில் சுண்ணாம்பு படிந்து வெள்ளை வரிகளாக இறங்கியிருந்தது. பூட்ஸ் போட்டவரில் பெரியவர் அந்த இடத்துக்கு வந்ததும் பிரஷ்ஷை வைத்துவிட்டு, ஒரு துணியை எடுத்து, கையாலேயே துடைத்தார். குழந்தைக்குக் கால் துடைத்துவிடுகிற மாதிரி, விரல் இடுக்கெல்லாம்.

ஊரில் அப்போது பத்து மணி தாண்டியிருந்தது. அம்மாவே கூப்பிட்டார். முந்தின நாள் நான் பாதியில் வைத்தது அவருக்கு மனசில் இருந்திருக்க வேண்டும்.

“தண்ணியக் காணமே?” என்றார் முதலில்.

“கழுவறாங்கம்மா.”

“அந்தத் தாடிக்காரரக் காட்டு.” காட்டினேன். தண்ணீரின் பளபளப்பு இல்லாததால் அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது. அம்மா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். அவர் நெற்றி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

“கையில என்ன புடிச்சிருக்கறாரு?”

“துடுப்பும்மா.”

“துடுப்பா! நேத்தே சொல்றதுக்கென்ன? அவரு கங்கை இல்ல கண்ணு. குகன்.”

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அம்மா மிகச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். “ராமரையும் சீதையையும் அக்கரைக்குக் கொண்டுபோயி விட்டவரு. தாடியிருக்காதா பின்ன? கங்கைய எப்படிச் சிலையாப் பண்றது? அது நேத்துக் கீழ ஓடிட்டு இருந்துச்சில்ல, அதுதான் கங்கை. இவரு ஓட்டறவரு.”

அம்மாவுக்கு இது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பவானிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவர். அவர் படித்த பள்ளிக்கூடம் காவிரிக்கு அக்கரையில் இருந்தது. காலையில் பரிசலில் போக வேண்டும், சாயந்திரம் பரிசலில் வர வேண்டும். பரிசல் ஓட்டியவரை ஊரே ‘பரிசக்கார மாமா’ என்று கூப்பிடும். ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிற நாளில் அவர் கரையில் நின்று, துடுப்பைத் தரையில் ஊன்றி, ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பாராம். அவர் ‘ஏறுங்க’ என்று சொன்னால்தான் பிள்ளைகள் ஏறலாம், ‘இன்னைக்கு வேண்டாம்’ என்றால் பள்ளிக்கூடம் லீவு. வாத்தியார்கூட மறுபேச்சுப் பேச மாட்டார். துடுப்போடு உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாடிக்காரரைப் பார்த்தால் அம்மாவுக்கு யார் நினைவுக்கு வருவார்கள்? நான் கங்கையின் சிலை என்று சொல்லிக் காட்டியதால் முதல் நாள் குழம்பிவிட்டார், அவ்வளவுதான். பெயரை நான் சொல்லியிருக்கவே கூடாது.

அக்கரை என்ற சொல்லை அம்மா சொன்னபோது எனக்குள் வேறு ஒன்றும் அசைந்தது. அலமாரியில் இருந்த இரண்டு செம்பில் ஒன்றை அப்பாவுக்காக உடைத்தோம். கடைசி நாள், மத்தியானம். ஈயம் வரவே இல்லை. தம்பி ஸ்குரூடிரைவரை வைத்துத் தட்டித் தட்டி, கை நடுங்கி, கட்டை விரலைக் கிழித்துக்கொண்டான். அம்மா மட்டும் பதறவில்லை. ஒரு எவர்சில்வர் ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். உள்ளே இருந்தது நாலைந்து ஸ்பூன்தான். முதல் ஸ்பூன் தாடையோடு வழிந்துவிட்டது, இரண்டாவது உள்ளே இறங்கியது. அந்தச் செம்பு இன்னும் அதே அலமாரியில் வாய் பிய்ந்தபடி இருக்கிறது. அம்மா அதில் பூ போட்டு வைக்கிறார். திடலின் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அந்த ஸ்பூன்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

பெண்ணின் பெயர்

அம்மா சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்கு ரோமை விட்டுக் கிளம்புவதற்கு முதல் நாள்தான் தெரிந்தது. அந்த ஊற்றுகளுக்கு வந்த தண்ணீருக்கு ஒரு பெயர் உண்டு. அக்குவா வெர்ஜினே. கன்னித் தண்ணீர். கி.மு. 19இல் அக்ரிப்பா என்ற தளபதி நகரத்துக்குக் கொண்டுவந்த கால்வாய் அது. கிழக்கே வெகுதூரத்தில் ஊற்றெடுத்து, பெரும்பகுதி மண்ணுக்கடியிலேயே, பம்ப் எதுவும் இல்லாமல் நிலத்தின் சரிவை மட்டும் நம்பி நடந்து வருகிற தண்ணீர். இடையில் தூர்ந்து, பிறகு சீர்செய்யப்பட்டு, ட்ரெவி ஊற்றுக்கும் இந்தத் திடலுக்கும் அதுதான் பாய்ந்தது. நாலு நதி ஊற்றுக்குப் போதுமான தண்ணீரை இங்கே திருப்பிவிட்ட வேலை பெர்னினியுடையது இல்லை. அவருக்குப் போட்டியாளராகச் சொல்லப்படும் கட்டடக் கலைஞர் பொரோமினியுடையது. தண்ணீர் கொண்டுவந்தவர் அவர், பேர் வாங்கியவர் இவர்.

பெயர்க் காரணம் பற்றிப் பழைய ரோமானியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தாகத்தோடு தண்ணீர் தேடி அலைந்த சிப்பாய்களுக்கு ஒரு சின்னப் பெண் ஊற்றுக்கண் இருக்கும் இடத்தைக் காட்டினாளாம். அவர்கள் தோண்டத் தோண்டத் தண்ணீர் வந்துகொண்டே இருந்ததாம். அவள் நினைவாக அந்தப் பெயர்.

ஆக, கல்லில் நான்கு ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் காலடியில் ஓடுகிறவளுக்குப் பெண்ணின் பெயர். சிற்பி இதை நினைத்துச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். பெர்னினி தாடிக்காரரைத்தான் கங்கை என்று நினைத்தார். ரோம் யாரையும் கேட்காமல்தான் அந்த முடிவுக்கு வந்தது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் முதல் நாள் நான் முகத்தைத் தேடியதே தப்பு என்று இப்போது படுகிறது. மாமல்லபுரத்து டீச்சர் சந்தைக் காட்டியதும், அம்மா தண்ணீரைக் காட்டியதும் ஒன்றேதான். எனக்குத்தான் இரண்டு தரமும் ஏமாற்றம்.

இன்னொன்றும் மாறியது. அதுவரை எனக்கு அது பெர்னினியின் ஊற்று, இன்னசென்ட்டின் ஊற்று. அந்தத் தாடிக்காரரைப் படகோட்டியாகப் பார்த்த பிறகு, அங்கே கைவைத்து வேலை செய்த ஆட்கள் தெரிய ஆரம்பித்தார்கள். நான்கு சிலைகளில் ஒன்றைக்கூட பெர்னினி முழுதாகச் செதுக்கவில்லை. திட்டம் அவருடையது, உளி நான்கு பேருடையது. டான்யூப்பை அந்தோனியோ ராஜ்ஜி, நைலை ஃபான்செல்லி, பிளாட்டாவை பராத்தா. கங்கையைச் செதுக்கியவர் கிளாட் பூசான் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் பெயரை அங்கே வந்து போட்டோ எடுக்கிறவர்களில் நூற்றில் ஒருவர் அறிந்திருந்தால் அதிகம். கங்கையைப் பார்க்காதவர், கங்கையைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லாதவர், ஒரு துடுப்பைச் செதுக்கச் சொன்னார்கள், அதைச் சிரத்தையாகச் செதுக்கினார். அந்தத் துடுப்பின் நுனி தேய்ந்து, ஓரம் மழுங்கி, நிஜமாகவே தண்ணீருக்குள் இருந்த மரத்தைப் போலிருந்தது. 370 வருடத்துக்கு அப்புறம் பவானிக்காரர் ஒருவர் அதை அடையாளம் கண்டுகொண்டார்.

அந்த விடிகாலைக்குத் திரும்புகிறேன். அம்மா இன்னும் லைனில்தான் இருந்தார். பெரியவர் தொட்டியை விட்டு வெளியே ஏறி, பூட்ஸைத் தட்டிக்கொண்டு, யாருக்கோ போன் போட்டு ஒரு வார்த்தை சொன்னார். சின்னவர் பிரஷ்களைச் சேர்த்துக் கட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. புறா ஒன்று காய்ந்த தொட்டிக்குள் இறங்கி நடந்தது. பிறகு பாறைக்குள்ளிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் காற்று, கொஞ்சம் கலங்கல். அப்புறம் தண்ணீர். கல்லில் ஈரம் மேலிருந்து கீழாகக் கறுத்துக்கொண்டே இறங்கியது. துடைத்து வைத்த அந்தக் கால்விரல்களுக்கு அடியில் வந்து சேர்ந்து, தொட்டியின் தரையில் பரவ ஆரம்பித்தது.

“வருதும்மா” என்றேன்.

“இரு, இரு” என்று அம்மா எழுந்தார். திரையில் சுவர் ஓடியது, காலண்டர் ஓடியது, அலமாரிக் கதவு திறக்கும் கிறீச் கேட்டது. அம்மா போனைத் திருப்பி அலமாரிக்குள் பிடித்தார். என் திரை முழுக்க அடைத்த செம்பும், அதன் பக்கத்தில் வாய் பிய்ந்த செம்பும், அதற்குள் அன்றைக்குக் காலையில் பறித்த நந்தியாவட்டையும்.

“சத்தம் கேக்குதா?” என்றார் அம்மா. என்னைக் கேட்டாரா, செம்புகளைக் கேட்டாரா என்று தெரியவில்லை. நான் போனைத் தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டிப் பிடித்தேன்.